ஜீப்ரினா கொடி நிறம் மங்குது, தொட்டியின் தலை மொட்டையாகுது – உரம் போதலையா?

மொட்டைமாடி (சென்னை) – கேள்வி

நண்பர்களே, வணக்கம். டிரடெஸ்கான்ஷியா ஜீப்ரினா, அதாவது ஊதாவில் வெள்ளி வரி ஓடுற தொங்கு கொடி. வாங்கி ஒன்பது மாசம். 8 இன்ச் பிளாஸ்டிக் தொட்டி, அடித்தட்டு தொட்டியோடவே சேர்ந்தது. பால்கனி வடக்குப் பார்த்தது. கொக்கி கூரையில இருக்கு, தொட்டி கூரைக்கு ஒரு அடி கீழே தொங்குது. உள்ளே இருக்கிறது முழுக்க கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மாதிரிதான் தெரியுது. தினமும் காலையில ஒரு டம்ளர் போர் தண்ணி ஊத்துறேன்.

கொடி ரெண்டு அடிக்கு மேல தொங்குது, ஆனா இலை இருக்கிறது கொடியோட நுனியில மட்டும்தான். மண்ணுக்குப் பக்கத்துல வெறும் தண்டு. புது இலை சின்னதா வருது, வெள்ளி வரி தேய்ஞ்சு பச்சை ஏறுது. இலை நுனியெல்லாம் பழுப்பு. போன வாரம் ரெண்டு கொடி அடியில கறுத்து, தொட்டதும் கையோட வந்துடுச்சு. 19:19:19 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூணும் சம அளவு) வாங்கி வச்சிருக்கேன். எவ்வளவு போடணும்?

கணுக்கொடி (கோவை)

உரப் பொட்டலத்தை இப்போ பிரிக்க வேண்டாம். வெளிச்சம் குறைவா இருக்கிற செடிக்கு நைட்ரஜன் கொடுத்தா தண்டு இன்னும் நீளும், பச்சை இன்னும் ஏறும்.

நிறம் மங்குறதுக்கும் தலை மொட்டையாகுறதுக்கும் காரணம் ஒண்ணுதான்: தொட்டியோட மேல்பக்கம் இருட்டுல இருக்கு. கூரையை ஒட்டித் தொங்குற தொட்டிக்கு வெளிச்சம் பக்கவாட்டுல, கீழ்ப்பாதிக்குத்தான் கிடைக்கும். அதனால தொங்குற நுனி வளருது, மண்ணை ஒட்டின இலை உதிருது. சங்கிலியை நீட்டி, தொட்டி விளிம்பு கைப்பிடிச் சுவரைவிட அரை அடி உயரத்துல நிக்கிற மாதிரி இறக்குங்க. நடுப்பகல்ல மண்ணுக்கு ஒரு அடி மேலே கையை நீட்டிப் பாருங்க. மங்கலா இருந்தாலும் விரல் விரலா நிழல் விழுந்தா போதுமான வெளிச்சம். நிழலே விழலைன்னா செடி உயிரோட இருக்கும், நிறம் மட்டும் வராது.

அந்த வெள்ளி வரி சாயம் இல்லைங்க. இலையின் மேல்தோலுக்கு அடியில சில இடங்கள்ல காற்று இடைவெளி இருக்கு, அதுல பட்டுத் திரும்புற ஒளிதான் நமக்கு வெள்ளியாத் தெரியுது. ஊதா மட்டும்தான் நிறமி, ஆந்தோசயனின். நல்ல வெளிச்சத்துல அது கூடும், நிழல்ல குறையும். ஒருமுறை மங்கின பழைய இலை பழைய நிறத்துக்குத் திரும்புறது அபூர்வம். புதுசா விரியுற இலையை வச்சுத்தான் இடம் சரியான்னு முடிவு பண்ணணும். அதுக்கு மூணு நாலு வாரம் ஆகும்.

சென்னை வடக்கு பால்கனிக்கு ஒரு விஷயம் முக்கியம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் உச்சி நேரத்துச் சூரியன் உங்களுக்கு வடக்கேதான் சாஞ்சு நிக்கும். அந்த மாசங்கள்ல பால்கனி விளிம்புல நேர் வெயில் விழலாம். மார்கழி, தை மாசத்துல துளி வெயில் வராது. அதனால கோடையில தொட்டியை ஒரு அடி உள்ளே தள்ளுங்க, இல்லேன்னா 50 சதவீத நிழல்வலை கட்டுங்க. மழைக்காலம் வந்ததும் விளிம்புக்குக் கொண்டு வாங்க. காலை வெயில் ரெண்டு மணி நேரம் இதுக்கு அமிர்தம். மே மாச மதிய வெயில் ஒரே நாள்ல இலையை வெளுத்துக் காகிதம் மாதிரி ஆக்கிடும்.

செம்மண் (மதுரை)

நிறத்தைப் பத்தி மேலே சொன்னது சரி. ஆனா தண்டு கறுத்து அழுகினது தண்ணீர்க் கோளாறு, அதை முதல்ல கவனிங்க.

சேர்ந்த அடித்தட்டு உள்ள தொட்டியில வடியுற தண்ணி வெளியே போகாது. கீழே ஒரு அங்குலம் சதா ஈரத்துல நிக்கும், வேர் அங்கேதான் அழுகும். தட்டைத் திருகிப் பார்த்தா பெரும்பாலும் கழன்றுடும். கழலலைன்னா, சூடேத்தின கம்பியால தட்டின் ஓரத்துல நாலு ஓட்டை போடுங்க.

தினம் ஒரு டம்ளர்ங்கிறது ரெண்டு விதத்துல கெடுதல். மண் காய நேரமே கிடைக்காது. போர் தண்ணியில இருக்கிற உப்பும் வெளியேறாம தேங்கிடும். இலை நுனி பழுப்புக்கு அந்த உப்பு ஒரு முக்கியக் காரணம். விரலை ரெண்டு செ.மீ. உள்ளே விட்டு, காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. ஊத்தினா ஓட்டை வழியா நல்லா வடியுற வரைக்கும் ஊத்துங்க. கணக்கு வச்சு ஊத்தாதீங்க, தொட்டியைத் தூக்கிப் பாருங்க, கனம் குறைஞ்சது கைக்குத் தெரியும். மாசம் ஒருமுறை மழைத் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ரெண்டு மூணு லிட்டர் மெதுவா ஊத்தி உப்பைக் கழுவி விடுங்க.

பால்கனியில ஏ.சி. வெளிப்பெட்டி இருக்கா? அதோட சூட்டுக் காத்து படுற இடத்துல தொங்கினா, எந்தத் தண்ணி ஊத்தினாலும் நுனி கருகும்.

மண்கலவை: கழுவின கோகோபீட் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) அல்லது கழுவின பருமணல் 1 பங்கு. கோகோபீட் கட்டியை ஊறவச்சுப் பிழிஞ்சு, தண்ணியைக் கொட்டி, மறுபடி ஒருதரம் அலசுங்க. அதுலேயும் உப்பு இருக்கும். தண்ணி ஊத்த மறக்குறவங்க பருமணலுக்குப் பதிலா செம்மண் ஒரு பங்கு சேர்க்கலாம். ஆனா கனம் ஏறும், கொக்கி தாங்குமான்னு பார்த்துக்குங்க.

மொட்டைமாடி

ரொம்ப நன்றி. அடித்தட்டைக் கழட்டிட்டேன், அரை டம்ளர் அளவுக்குக் கறுப்புத் தண்ணி இருந்தது. ஏ.சி. பெட்டி எதிர்மூலையில இருக்கு. இன்னும் நாலு சந்தேகம். அடியில ரெண்டு அங்குலம் ஜல்லி போட்டா வடிகால் நல்லா இருக்குமா? மொட்டைத் தண்டுல மறுபடி இலை வருமா, இல்லை மொத்தமா வெட்டணுமா? வெட்டினதைத் தண்ணியில வைக்கவா, மண்ணிலயா? வீட்டுல பூனை இருக்கு, ஆபத்து உண்டா?

கணுக்கொடி (கோவை)

ஜல்லி வேண்டாம். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குத் தண்ணி சுலபமா இறங்காது. மண்ணோட அடிமட்டம் முழுக்க ஊறின பிறகுதான் இறங்கும். ஜல்லி போட்டா அந்த ஊறின மட்டம் ரெண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்துல வரும். ஓட்டை மேல ஒரு துண்டு வலை போதும், மண் கொட்டாம இருக்க.

மொட்டைத் தண்டு பச்சையா, கெட்டியா இருந்தா கணுவுல துளிர்க்கும், ஆனா வெளிச்சம் பட்டால்தான். ஒண்ணு ரெண்டு நீளக் கொடியைத் தூக்கி மண் மேலேயே வட்டமாச் சுத்தி, கணு மண்ணைத் தொடுற மாதிரி ஹேர்பின் வச்சுக் குத்தி வைங்க. மத்ததை வெட்டிடலாம். இந்தச் செடி ஒரே வேர்ல வருஷக்கணக்கா அழகா நிக்கிற ரகம் இல்லை. வருஷம் ஒருமுறையாவது வெட்டி அதே தொட்டியில திரும்பக் குத்துறதுதான் இதை வளர்க்கிற முறை. அதைப் பெரிய சிகிச்சைன்னு நினைச்சுப் பயப்படாதீங்க.

கறுத்த தண்டையும் அதுக்கு மேல ஒரு கணுவையும் எறிஞ்சிடுங்க. வெட்டின வாய் உள்ளே வெள்ளையாவோ வெளிர்பச்சையாவோ இருக்கணும். நல்ல நுனிகளை 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு, மூணு நாலு கணு இருக்கிற மாதிரி, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்க. அடி இலையை உறையோட (தண்டைச் சுத்திப் பிடிச்சிருக்கிற இலையடி) உரிச்சு எடுங்க. அந்த உறை மண்ணுக்குள்ள போனா அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

தண்ணியில வச்சா ஒரு வாரத்துல வேர் தெரியும். ஆனா மண்ணுல நேரா குத்துறதுதான் நல்லது, வேர் மறுபடி பழக வேண்டியதில்லை. 8 இன்ச் தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு வேணும். விளிம்புல மட்டும் நடாம நடுவுலேயும் மூணு நாலு குத்துங்க. கடையில வாங்குற தொட்டி பலதுல நடுப்பகுதி காலியாத்தான் வருது. பத்து நாள் நேர் வெயில் படாத இடத்துல, லேசான ஈரத்துல வைங்க. துண்டுல அஞ்சாறு இலை ஆனதும் நுனியைக் கிள்ளுங்க, கீழ்க்கணுவுல பக்கக்கிளை உறையைக் கிழிச்சுக்கிட்டு வரும்.

உரம் அதுக்கப்புறம்தான். 19:19:19 லிட்டருக்கு 1 கிராம், ஈர மண்ணுல, 15 நாளுக்கு ஒருமுறை. அதுக்கு மேல வேண்டாம்.

இலைக்காம்பு (கொடைக்கானல்)

பூனை பற்றி: இதன் சாறு பூனை, நாய்களுக்குத் தோலிலும் வாயிலும் அரிப்பை உண்டாக்கும். பொதுவாக உயிருக்கு ஆபத்து இல்லை. பூனை கொடியில் தொங்கி விளையாடும் என்றால், எட்டாத நீளத்தில் கொடியைக் கத்தரித்து வையுங்கள். நிறைய தின்று வாந்தி எடுத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர்களிலும் சிலருக்கு வெட்டும்போது கை அரிக்கும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

பூச்சிகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மாவுப்பூச்சி இலையுறைக்குள் ஒளிந்திருக்கும். மேலே தெளித்தால் மட்டும் போகாது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உறையைப் பிரித்துத் துடைக்க வேண்டும். கோடையில் சிலந்திப்பேன் வந்தால் இலை புள்ளி புள்ளியாக வெளுக்கும், அடியில் மெல்லிய வலை தெரியும். இலையின் அடிப்பக்கத்தை நீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் 2 மி.லி. சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். முதலில் ஒரு கொடியில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். இதன் இலையில் எண்ணெய் கறை பிடிப்பதுண்டு.

இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை கலந்த 'டிரைகலர்', 'நானோக்' என்ற டிரடெஸ்கான்ஷியா வகைகளுக்கு விதி வேறு. அவற்றில் முழுப் பச்சைக் கிளை ஒன்று கிளம்பினால் அடியோடு வெட்டிவிட வேண்டும். அது வேகமாக வளர்ந்து மற்றதை மூடிவிடும். ஜீப்ரினாவின் வரி அப்படித் தொலைவதில்லை. வெளிச்சம் கிடைத்தால் திரும்பும், ஆகவே பச்சை ஏறிய உங்கள் கொடிகளையும் தயங்காமல் நடலாம்.

மலைப்பகுதியில் வளர்ப்பவர்களுக்கு: 10 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் தொட்டியை உள்ளே எடுங்கள். உறைபனி பட்டால் தண்டு கொழகொழவென்று ஆகிவிடும்.

வெட்டிய துண்டுகளைக் காலி மனையிலோ வாய்க்கால் ஓரத்திலோ கொட்டாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இது நம் வரப்புகளில் படரும் கானாவாழையின் குடும்பம். ஒரு கணு ஈரமண்ணைத் தொட்டால் போதும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடியான இதைத் தென்னாப்பிரிக்கா ஆக்கிரமிப்புக் களையாகப் பட்டியலிட்டிருக்கிறது. வெயிலில் சருகாகக் காய்ந்த பிறகே உரக்குழியில் போடுங்கள்.