நிறுத்தின மாடல் டிவி வாங்கினேன், யூடியூப் திறக்கல. அதே கடையில ஏசியும் எடுக்கலாமா?

குளச்சல்காரன்:
ஓணம் கழிஞ்ச வாரம் நாகர்கோவில்ல ஒரு கடையில 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி 17,500 ரூபாய்க்கு எடுத்தேன். கம்பெனி தயாரிப்பை நிறுத்திட்ட மாடல், ஆனா பிரிக்காத பெட்டி. தயாரிப்பு 2021 மார்ச்னு போட்டிருக்கு. படம் அவ்வளவு தெளிவு, அம்மைக்கு ரொம்ப சந்தோஷம். நேத்து கரண்ட் போய் வந்ததுல இருந்து யூடியூப் திறந்தா வட்டம் சுத்திக்கிட்டே கிடக்கு. அதே வைஃபையில போன் நல்லா ஓடுது. கடையில கேட்டா "பழைய மாடல் அப்படித்தான்"ங்கிறாங்க.

அதே கடையில நிறுத்தின மாடல் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி ஒண்ணு, 5 ஸ்டார், 27,000. இப்ப வர்ற மாடல் 36,000. அப்பா படுத்த படுக்கையா இருக்காங்க, வெக்கை தாங்கல. வீடு கடல்ல இருந்து 200 மீட்டர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

தக்கலை மெக்கானிக்:
தம்பி, முதல்ல டிவி. செட்டிங்ஸ்ல தேதியைப் பாருங்க. சில மாடல்ல கரண்ட் போனா கடிகாரம் பழைய தேதிக்குப் போயிடும். யூடியூப்போட பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு. டிவி வேற வருஷத்துல நின்னா அந்தச் சான்றிதழை ஏத்துக்காது. தானியங்கி நேரத்தை அணைச்சிட்டு இன்னைக்குத் தேதியைக் கையால போட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

குளச்சல்காரன்:
அண்ணே, 2018 ஜனவரி 1-ன்னு காட்டுச்சு! மாத்தினதும் திறந்திடுச்சு. ரொம்ப நன்றி.

தக்கலை மெக்கானிக்:
சந்தோஷம். நீங்க வாங்கினது நல்ல டிவிதான். ஒருநாள் அந்த ஆப் நிஜமாவே நின்னு போகும், அன்னைக்கு டிவி பின்னாடி ஹெச்டிஎம்ஐ துளையில, யூடியூப் ஓட்டுற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒண்ணு மாட்டினாப் போதும். ஸ்டிக்குக்கு கரண்ட் டிவியோட யூஎஸ்பி-ல இருந்து எடுக்காதீங்க, அது பத்தாம அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். தனி அடாப்டர் போடுங்க.

மணவாளக்குறிச்சி அக்கா:
ஏசி விஷயத்துல நான் பட்டதைச் சொல்றேன் தம்பி. நாங்களும் நிறுத்தின மாடல்னு 9,000 ரூபாய் குறைச்சு வாங்கினோம். அவுட்டோர் யூனிட் கடலைப் பாத்த சுவத்துல. மூணாம் வருஷம் கூலிங் நின்னு போச்சு. மெக்கானிக் மூடியைக் கழட்டினா, உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டுல கம்பி சேர்ற இடமெல்லாம் பாசி மாதிரி பச்சை பூத்திருக்கு. அலுமினியத் தகட்டை விரல் வச்சதும் மாவா உதிருது. அந்த மாடலுக்குப் போர்டு இல்லன்னு நாலு மாசம் அலைய விட்டாங்க. கைக்குழந்தையோட அந்தக் கோடையை நாங்க கழிச்ச பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில எடைக்குத்தான் போட்டோம்.

தக்கலை மெக்கானிக்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. இன்வெர்ட்டர் ஏசிக்கு உயிரே அந்த வெளிப் போர்டுதான். அட்வான்ஸுக்கு முன்னாடி மாடல் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, போர்டு இருக்கான்னு. கடைக்காரர் வார்த்தையை நம்ப வேண்டாம்.

ஸ்டாரையும் அப்படியே எடுத்துக்காதீங்க. 2022 ஜூலையில அளவுகோலை இறுக்கினாங்க. அதுக்கு முந்தின 5 ஸ்டார் அந்த மாத்தத்தோட 4 ஸ்டார் கணக்குக்கு இறங்கிடுச்சு. லேபிள்ல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு இருக்கும், அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. ரெண்டு ஏசிக்கும் அந்த எண்ணை ஒத்துப் பாருங்க.

எம்ஆர்பி-யும் பாருங்க, பழைய வரியில போட்டதான்னு. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு. வரி சேர்க்காத விலை 30,000-னா 38,400 ஆக இருந்தது 35,400. அந்த 3,000-ஐத் தள்ளுபடின்னு சொன்னா ஏமாறாதீங்க.

குளச்சல்காரன்:
சர்வீஸ் சென்டர்ல கேட்டேன். "ஆர்டர் போட்டுத்தான் வரணும், தேதி சொல்ல முடியாது"ன்னுட்டாங்க. ஏசி புதுசே எடுக்கேன், அப்பா விஷயம். அவுட்டோர் யூனிட்டைக் கடலைப் பாக்காத பக்கத்துச் சுவத்துல வைக்கச் சொல்லிட்டேன். அந்தக் கடையில பழைய மாடல் சீலிங் ஃபேன் 1,100-க்குக் கிடக்கு. அது எடுக்கலாமாண்ணே?

தக்கலை மெக்கானிக்:
சாதா ஃபேன்னா தாராளமா எடுங்க. அதுல போறது பெரும்பாலும் கண்டன்சர்ங்கிற சின்னப் பாகம்தான், அது குளச்சல்லயே கிடைக்கும். கரண்ட் கம்மியா இழுக்கிற, ரிமோட் வச்ச பிஎல்டிசி ஃபேன்னா வேண்டாம், அதுக்கும் உள்ள போர்டு உண்டு. புது ஏசி மாட்டின பிறகு மாசம் ஒருதரம் மெயினை அணைச்சிட்டு வெளி யூனிட் தகட்டுல நல்ல தண்ணி ஊத்தி உப்பைக் கழுவி விடுங்க. பைப்பை வேகமா பீச்ச வேண்டாம், தகடு மடங்கிடும்.