பழைய மெட்டல் டிடெக்டர் ரிப்பேர்: சர்க்யூட் படத்தோடு உட்கார்ந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மெட்டல் டிடெக்டர் செய்த டெசோரோ கம்பெனி 2018-இல் மூடியது. அதே தொழிலில் இருந்த வைட்ஸ் 2020-இல் மூடியது. இரண்டுமே அமெரிக்கக் கம்பெனிகள் என்றாலும், இங்கே இங்கிலாந்தில் வயலில் நாணயம் தேடப் போகிறவர்கள் பலரிடம் அவற்றின் பழைய மெஷின்கள் இன்னும் இருக்கின்றன. கெட்டுப்போனால் அனுப்பி வைக்கத் தாய்வீடு கிடையாது. சர்க்யூட் படமும், சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் ஒரு ஆசிலோஸ்கோப்பும் வைத்திருக்கிற ஆளைத்தான் தேடி வருகிறார்கள். அப்படி என்னிடம் வந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

1980களின் தொடக்கத்தில் வந்த விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஓடும்) மெஷின் அது. ஆன் செய்தால் நன்றாகத்தான் இருக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் நடந்தால் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சிக்னலை அடக்கும் அமைப்பு, நழுவிவிடும். காயிலைத் தரையை நோக்கி இறக்கும்போதெல்லாம் கத்தும். மறுபடி குமிழைத் திருகினால் சரியாகும், அப்புறம் திரும்பவும் நழுவும். எனக்கு முன்னால் யாரோ போர்டில் கைவைத்திருந்தது ஈயத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

இந்த மாதிரி மெஷினில் படத்தை எடுத்ததும் நான் பார்ட் நம்பர் பார்ப்பதில்லை. சிக்னல் போகும் வழியைப் பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்பேன். டிரான்ஸ்மிட் காயிலை ஓட்டும் ஆசிலேட்டர், ரிசீவ் காயிலுக்குப் பின்னால் பிரீஆம்ப், அதற்குப் பின் இரண்டு டீமாடுலேட்டர்கள், ஃபில்டர், கடைசியில் ஆடியோ. டீமாடுலேட்டர் இரண்டில் ஒன்று மண்ணின் சிக்னலை அடக்கும். இன்னொன்று இரும்பா, வெள்ளியா என்று பிரிக்கும். இரண்டுமே, வந்த சிக்னல் அனுப்பிய சிக்னலுக்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. ஆக, பேலன்ஸ் தானாக நழுவுகிறது என்றால் எங்கேயோ அந்தப் பின்தங்கல் மாறுகிறது. குமிழையோ ஆடியோவையோ சந்தேகப்பட்டுப் பயனில்லை.

ஸ்கோப்பின் ஒரு சேனலை டிரான்ஸ்மிட் பக்கமும் இன்னொன்றை பிரீஆம்ப் வெளியீட்டிலும் மாட்டினேன். இரண்டு அலைகளும் அசையாமல் நின்றன. ஹேர் டிரையரால் ரிசீவ் காயில் வந்து சேரும் மூலையை மட்டும் லேசாகச் சூடாக்கியதும், மேல் அலை அப்படியே இருக்க, கீழ் அலை மெல்ல இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. காற்றை நிறுத்தினால் தயங்கித் தயங்கிப் பழைய இடத்துக்கே வந்தது. அந்த மூலையில் ரிசீவ் காயிலோடு டியூன் ஆகும் கெப்பாசிட்டர், படத்தில் 0.015 மைக்ரோஃபாரட். போர்டில் இருந்ததும் அதே மதிப்புதான், ஆனால் பழுப்பு நிற செராமிக் டிஸ்க்.

இந்த இடத்தில்தான் படம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மதிப்பைப் போட்டிருக்கிறார்கள், எந்த வகை என்று போடவில்லை. இசட்5யூ வகை செராமிக் 10 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குள் 22 சதவீதம் ஏறலாம், 56 சதவீதம் வரை இறங்கவும் செய்யலாம். சப்ளை லைனில் டீகப்ளிங் செய்ய (இரைச்சலை வடிக்க) அது போதும். காயிலோடு டியூன் ஆகும் இடத்தில் அது விஷம். பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் ஒன்றைப் போட்டேன். மறுபடி டிரையர் பிடித்தபோது அலை நகரவில்லை. பிறகு பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஃபெரைட் துண்டைக் காயில் முன்னால் ஏற்றி இறக்கி பேலன்ஸை அமைத்தேன். தாதுக் கலந்த மண் கொடுக்கிற சிக்னலைத்தான் ஃபெரைட்டும் கிட்டத்தட்டக் கொடுக்கும் என்பதால் மேஜையிலேயே இதைச் செய்துவிடலாம்.

அப்கிரேட் என்ற பேரில் எல்லா எலெக்ட்ரோலிட்டிக்கையும் எல்லா ஐசியையும் ஒரே மூச்சில் மாற்றுகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: முதலில் காயில், அடுத்து காயிலோடு நிற்கும் கெப்பாசிட்டர், அதற்குப் பிறகு சப்ளை. இந்த மூன்றும் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று அளக்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

* * *

அண்ணா சொன்ன வரிசை பல்ஸ் இண்டக்‌ஷன் (பிஐ: காயிலுக்குத் துடிப்புத் துடிப்பாகக் கரண்ட் கொடுத்து நிறுத்திவிட்டுக் கேட்கும்) மெஷினுக்கும் அப்படியே பொருந்துகிறது. அதில் காயிலுக்குத் துணை கெப்பாசிட்டர் அல்ல, அலையின் ஆட்டத்தை அடக்கும் டேம்பிங் ரெசிஸ்டர்.

கடற்கரையில் தேடும் பழைய பிஐ ஒன்று என்னிடம் வந்தது. பெரிய இரும்புக்குச் சத்தம் போடும், மெல்லிய மோதிரம் பக்கத்தில் வந்தாலும் கண்டுகொள்ளாது. சுவிட்சாக நிற்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் காயிலுக்குக் கரண்டை நிறுத்தியதும் 300, 400 வோல்ட் வரை ஒரு ஸ்பைக் எழும்பி இறங்கும். அது அடங்கிய பிறகுதான் ரிசீவர் கேட்க முடியும். மெல்லிய தங்கத்தின் சிக்னல் சில மைக்ரோ செகண்டுகளில் செத்துவிடும் என்பதால், அடங்குவதற்கு நேரமானால் மோதிரம் போனது போனதுதான்.

சொந்தக்காரர் காயில் ஒயரை அறுத்துவிட்டு நீளமான, மலிவான ஷீல்டு கேபிள் போட்டிருந்தார். காயில் 300 மைக்ரோஹென்றி. காயில், கேபிள், மாஸ்ஃபெட் எல்லாம் சேர்ந்து 200 பிகோஃபாரட் என்றால், தேவையான டேம்பிங் சுமார் 610 ஓம் (எல்-ஐ சி-யால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பாதியாக்கினால் வரும்). கெப்பாசிட்டன்ஸ் 400 ஆகிவிட்டால் அது 430-க்கு இறங்கிவிடுகிறது. மெஷினில் இருந்தது பழைய கேபிளுக்கான மதிப்பு, எனவே புதுக் கேபிளோடு அலை ஆடிக்கொண்டே இருந்தது. ரெசிஸ்டரைக் குறைத்தால் ஆட்டம் நிற்கும், ஆனால் அடங்கும் நேரம் கூடும். அதனால் நான் ரெசிஸ்டரைத் தொடவில்லை, கெப்பாசிட்டன்ஸ் குறைந்த நல்ல கேபிளைக் குட்டையாக வெட்டிப் போட்டேன். மோதிரம் பேச ஆரம்பித்தது.

ஒரு எச்சரிக்கை. ஸ்கோப் புரோப் எத்தனை வோல்ட் தாங்கும் என்று பார்க்காமல் அந்த ஸ்பைக் வரும் இடத்தில் வைக்காதீர்கள். வோல்ட்டை நூறில் ஒன்றாகக் குறைத்துக் காட்டும் 100எக்ஸ் புரோப் இருந்தால் நிம்மதி.

* * *

இன்னும் பழசுக்குப் போகலாமா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய எஸ்சிஆர்-625 கண்ணிவெடி டிடெக்டர் ஒன்றை நானும் இன்னொரு நண்பரும் சேர்ந்து உயிர்ப்பித்தோம். குச்சி நுனியில் மரத்தட்டு, அதற்குள் காயில்கள், கைப்பிடியில் மீட்டர், தோளில் மாட்டும் பையில் வால்வு ஆம்ப்ளிஃபயர். 1000 ஹெர்ட்ஸில் ஓடும். காயில்களுக்கு நடுவே சமநிலை பிடித்து, சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் குண்டைத் தேட கிரகாம் பெல் கொண்டுபோன கருவியும் இதே சமநிலைத் தத்துவம்தான். கட்டில் மெத்தையில் இருந்த எஃகு ஸ்பிரிங்குகள் அன்று அவரைக் குழப்பின.

இதில் எங்களுக்கு முதல் சிக்கல் பேட்டரி. படம் 103.5 வோல்ட் கேட்கிறது. அந்த பேட்டரி இப்போது எங்கே கிடைக்கும்? 9 வோல்ட் பேட்டரி 11 சேர்த்தால் 99, அதோடு மூன்று 1.5 வோல்ட் பென்சில் செல். கணக்கு சரியாக 103.5. வால்வு ஃபிலமெண்டுக்குத் தனியாக 1.5 வோல்ட். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வால்வு ஒரு நொடியில் போய்விடும், ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு வகை கனெக்டர் போட்டோம்.

மேம்படுத்தச் சொல்லிப் பலர் கேட்டார்கள், டிரான்சிஸ்டர் போடலாமே என்று. எங்களுக்கு மனம் வரவில்லை. கார்பன் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்து, மதிப்பு ஏறிப்போனவற்றையும் கசிந்த மெழுகு கெப்பாசிட்டர்களையும் மட்டும் மாற்றினோம். வயர் நிறம்கூட அதே நிறம்.

* * *

ஐயா, சென்னையிலிருந்து ஒரு கேள்வி. நான் பழைய பத்திரிகை சர்க்யூட் ஒன்றைப் பார்த்து பிஎஃப்ஓ (இரண்டு ஆசிலேட்டர்களின் அதிர்வெண் வித்தியாசத்தைக் காதால் கேட்கும் எளிய டிடெக்டர்) கட்டியிருக்கிறேன். அதற்கான பாலிஸ்டைரீன் கெப்பாசிட்டர்களைப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போர்டுகளிலிருந்து கழற்றினேன். (85 டிகிரிக்கு மேல் தாங்காது, கழற்றும்போது காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டால் சூடு உள்ளே ஏறாது.) இப்போது கையில் இருப்பது விஎல்எஃப் ஒன்று. அதில் எல்எம்308 ஓப்-ஆம்ப் ஐசி இரண்டும் போய்விட்டன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதற்குப் பதிலாக ஓபி07 தருகிறார்கள். அப்படியே மாட்டலாமா?

* * *

அப்படியே மாட்டாதீர்கள் தம்பி. எல்எம்308-இல் 1, 8 கால்கள் காம்பன்சேஷனுக்கு (ஐசி தானாக ஆடாமல் தடுக்க). படத்தில் அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். ஓபி07-இல் அதே 1, 8 கால்கள் ஆஃப்செட் சரிசெய்ய. அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு மாட்டினால் வேலை செய்யும், இன்புட் கரண்டும் போதுமான அளவு குறைவுதான்.

ஆனால் சப்ளையைப் பாருங்கள். எல்எம்308 சுமார் 0.3 மில்லியாம்பியர்தான் குடிக்கும், ஓபி07 அதைவிடப் பல மடங்கு. உங்கள் மெஷினில் நெகட்டிவ் சப்ளையை ஒரு சின்ன சார்ஜ் பம்ப்பே தயாரிக்கிறது என்றால், இரண்டு ஓபி07 சேர்ந்து அதை இழுத்துவிடும். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் நெகட்டிவ் லைனை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அளந்தது படத்தில் போட்டிருப்பதைவிடக் குறைவாக இருந்தால், முதலில் அந்தப் பம்ப்பின் இரண்டு எலெக்ட்ரோலிட்டிக்கையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால், குறைவாகக் கரண்ட் குடிக்கும் வேறு ஓப்-ஆம்ப்பைத் தேட வேண்டியதுதான். படத்தில் அந்தப் பகுதியை மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.