ஓவனில் ரொட்டி உப்பவில்லையா? மாவைத் திட்டாதீர்கள்

புது ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தால் அதிர்ஷ்டம். பலருக்கும் வாய்ப்பது கண்ணாடி மேல்தளம் போட்ட மின்சார அடுப்புதான். தீயே கண்ணில் படாத அடுப்பில் ரொட்டியை எதில் காட்டி உப்ப வைப்பது? ஓவனை நம்புகிறோம். ரொட்டி அட்டை மாதிரி விறைத்து வெளியே வருகிறது. நான் ஒரு மாதம் மாவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி ட்ரே.

ஈஸ்ட் போட்டாலும் போடாவிட்டாலும், ரொட்டியைப் பந்தாக எழுப்புவது நீராவிதான். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். மேல்தோலும் அடித்தோலும் சட்டென்று இறுகி, நடுமாவு ஈரமாக இருக்கும்போதே அந்த ஆவி பொங்க வேண்டும். மெதுவாகச் சூடேறினால் ஆவி சத்தமில்லாமல் கசிந்துவிடும். ரொட்டி காயும், அவ்வளவுதான்.

அதனால் ஓவன் ‘டிங்’ என்றதும் ரொட்டியை உள்ளே தள்ளாதீர்கள். அந்த மணி உள்ளே இருக்கும் காற்றுக்கு, ட்ரேக்கு இல்லை. கனமான இரும்பு ட்ரேயைக் கவிழ்த்து வைத்து, ஓவன் எவ்வளவு போகுமோ அவ்வளவு சூட்டில் (250 டிகிரி செல்சியஸ் கிடைத்தால் நல்லது) குறைந்தது 20 நிமிடம் விடுங்கள். பீட்சா கல் என்றால் முக்கால் மணி நேரம். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் வேண்டாம், உடையும். ரொட்டியைப் போட்டதும் கதவைச் சாத்திவிடுங்கள். எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் சூடு வெளியே ஓடுகிறது.

இன்னொரு பொறி, டிகிரி. செய்முறையில் 475 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட். செல்சியஸில் சுமார் 245. ஃபாரன்ஹீட் ஓவனில் 250 என்று திருகினால் கிடைப்பது 120 செல்சியஸ்தான். அதில் துணி காயப்போடலாம்.

சூடு சரியாக இருந்தும் எழவில்லையா? அப்புறம்தான் மாவைப் பாருங்கள். 100 கிராம் மாவுக்கு 60 முதல் 65 கிராம் தண்ணீர் வைத்துத் தொடங்கலாம். தவிடு அதிகமுள்ள முழுக்கோதுமை மாவு இன்னும் கொஞ்சம் கேட்கும். அந்தத் தவிட்டுத் துணுக்குகள் மாவின் இழுவையையும் அறுக்கும், பாதிக்குப் பாதி வெள்ளை மாவு கலந்தால் சரியாகிவிடும். பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் மாவும் உண்டு. பையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

உருண்டை பிடித்தபின் கால் மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று அவ்வளவு வறட்சி. திறந்து வைத்தால் பத்து நிமிடத்தில் மேலே ஏடு கட்டும், திரட்டும்போது அந்த ஏடு கீறும். கீறல் வழியாக ஆவி போய்விடும். மடிப்பு, ஓட்டை, காய்ந்த மாவுத்திட்டு எல்லாம் இதே கதைதான். மூன்று மில்லிமீட்டர் கனம், எங்கும் ஒரே சீராக. ஓரம் தடித்து நடு மெலிந்த ரொட்டியில் அங்கங்கே கொப்புளம் வரும், பை வராது.

எல்லாம் கூடிவந்தால் கண்ணாடிக் கதவு வழியே பார்க்கலாம். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு குமிழ், பக்கத்தில் இன்னொன்று, இரண்டும் ஒன்று சேரும். அடுத்த சில நொடிகளில் முழு ரொட்டியும் தலையணை. உப்பியபின் ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். எடுத்து உடனே துணியில் சுற்றுங்கள், இல்லையென்றால் முறுகிப்போகும்.

ஒவ்வொரு ரொட்டிக்கும் நடுவில் ட்ரேயில் கருகும் மாவைத் துடைத்துவிடுங்கள். ஜன்னலையும் திறந்து வையுங்கள். முதல் முறை ரொட்டி உப்பிய சந்தோஷத்தில் இதை மறந்தேன். புகை அலாரம் அலறி, மேல்வீட்டுக்காரர் அரைத்தூக்கத்தில் கதவைத் தட்டினார். கையில் இருந்ததில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன்.