சமையல் குறிப்பு நோட்டு: நீங்க எப்படி அடுக்கி வெச்சிருக்கீங்க?

சத்துவாச்சாரியிலிருந்து:

சைவம், அசைவம், இனிப்பு, டிபன்னு நாலா பிரிச்சு எழுதினா பார்க்க நல்லாத்தான் இருக்கும். தேடறப்போ கை கொடுக்காது. மார்க்கெட்ல இருந்து வந்து பையைக் கொட்டினா முன்னாடி கிடக்கறது காய். "இந்தக் கத்தரிக்காயை என்ன பண்றது"ன்னுதானே யோசிப்போம்? அதனால எங்க வீட்ல எல்லாம் காய் பேர்லதான்.

நீளக் கணக்கு நோட்டு ஒண்ணு. குறிப்பு கிடைக்கிற வரிசையிலயே எழுதிட்டுப் போவேன், பக்கத்துக்கு நம்பர் போட்டு. கடைசிப் பக்கங்களை அட்டவணைக்குன்னு விட்டிருக்கேன். அங்க கத்தரிக்காய்னு தலைப்பு. கீழே கொத்சு 12, புளிக்குழம்பு 30, பிரியாணிக்கு வைக்கிற தொக்கு 41. கருவாட்டுக் குழம்புல கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போடறோம்னா, ரெண்டு தலைப்புக்குக் கீழேயும் அது வரும், கருவாட்டுக்குக் கீழேயும் வரும். குறிப்பு ஒரு தடவைதான், நம்பரை எத்தனை இடத்துல வேணா எழுதிக்கலாம்.

எந்தக் கத்தரிக்காய்னும் ஓரத்துல குறிப்பேன். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய், அதான் 2023ல புவிசார் குறியீடு வாங்கினதே, அது கிடைச்சா எங்க வீட்ல எண்ணெய்க் கத்தரிக்காய்தான், வேற பேச்சே கிடையாது.

குடியாத்தத்திலிருந்து:

அக்கா சொல்றது சரி, ஆனா மாசத்தையும் சேர்த்துக்கணும். மார்கழி, தை வந்தா எங்க பக்கம் பிதுக்கம் பருப்பு இல்லாத வீடு உண்டா? பச்சை மொச்சையை ராத்திரியே ஊறப் போட்டுடணும். காலைல கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு ஒரு அழுத்து. தோல் கையில நின்னுடும், பருப்பு பொளக்னு கிண்ணத்துல விழும். ஒரு கிலோ காய் உரிச்சு, பிதுக்கி முடிக்கறதுக்குள்ள ரெண்டு சீரியல் ஓடிடும். குறிப்பு கையில கிடைச்சாலும் காலைல பத்து மணிக்குக் கிடைச்சா என்ன பிரயோஜனம்? அதனால முந்தின நாள் வேலை இருக்கிற குறிப்புக்கெல்லாம் மேல் மூலையில சிவப்பு மையில ஒரு புள்ளி வெச்சிருக்கேன். ஊறப் போடறது, மாவு புளிக்க வைக்கிறது, வத்தல் எல்லாத்துக்கும். ராத்திரி நோட்டைப் புரட்டினா புள்ளிதான் முதல்ல கண்ணுல படும்.

ஆம்பூரிலிருந்து:

நான் ஆம்பளை, ஞாயித்துக்கிழமை மட்டும் சமைக்கிறவன். நோட்டு எனக்குச் சரிப்படல. எண்ணெய்க் கையோட பக்கத்தைத் திருப்ப முடியாது. தனித்தனி அட்டைல எழுதி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ஃபைல்ல கோத்துட்டேன். வேண்டிய அட்டையை மட்டும் உருவி அடுப்புக்கு எதிர்ல மாட்டிடலாம்.

ஒவ்வொரு அட்டைக்குக் கீழேயும் "இதோட எது"ன்னு ஒரு வரி. பிரியாணி அட்டைல ஒரு கிலோ சீரக சம்பாவுக்கு ஒரு கிலோ கறி, காய்ஞ்ச மிளகாயை ஊறவெச்சு அரைச்ச விழுதுன்னு எல்லாம் இருக்கும்; அடியில கத்தரிக்காய்த் தொக்கு, தால்சா, தயிர்ப் பச்சடி. அந்த வரி இல்லாட்டி தம் போட்ட பிறகுதான் வீட்டுக்குள்ள தொக்குக்குப் புளி ஊறவெச்சியான்னு சத்தம் கேக்கும்.

ஆரணியிலிருந்து:

எங்க மாமியாருக்கு எழுதற வழக்கமே இல்ல. கேட்டா வாட்ஸ்அப்ல பேசி அனுப்புவாங்க. அது ஒரு குவியல், எந்த ஆடியோல என்ன இருக்குன்னே தெரியாது. இப்போ வந்த உடனே அந்த ஆடியோவுக்கே ரிப்ளையா "மாங்காய் ஊறுகாய், மாமி"ன்னு டைப் பண்ணிடறேன். தேடினா அந்த ரிப்ளை வரும், அதைத் தொட்டா ஆடியோவுக்குப் போயிடும். ஆனா எழுத்துல கவனம் வேணும். ஒரு தடவை கத்தரிக்காய், ஒரு தடவை கத்திரிக்காய்னு அடிச்சா போன் ரெண்டையும் வேற வேறயாத்தான் பார்க்கும். ஒண்ணையே பிடிச்சுக்கோங்க. போன் தொலைஞ்சா எல்லாம் போச்சுங்கறதால பேக்கப்பும் போட்டு வெச்சிருக்கேன்.

மறுபடி சத்துவாச்சாரி:

ஆடியோவுக்கு ரிப்ளை போடற யோசனை எனக்குத் தோணவே இல்ல, நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்றேன், பெரியவங்க ஆழாக்கு, படின்னு சொன்னா அப்படியே எழுதிட்டு விட்டுடாதீங்க. எட்டு ஆழாக்கு ஒரு படி, சரி. ஆனா படியே ஊருக்கு ஊர் மாறும். அவங்க வீட்டு ஆழாக்கை வாங்கி அரிசி நிரப்பி ஒரு தடவை எடை போட்டு, அட்டவணைக்கு முன்னாடி பக்கத்துல கிராம் கணக்கு எழுதிடுங்க. எங்க அம்மா வீட்டு ஆழாக்கும் மாமியார் வீட்டு ஆழாக்கும் ஒண்ணா நிக்காது, அதிரசம் பாகு விஷயத்துல இது சின்ன சமாச்சாரம் இல்ல.

ஆம்பூர் அண்ணா, அந்தத் தால்சா அட்டையை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்களேன். எங்க நோட்டுல தால்சாவுக்கு நம்பர் இருக்கு, பக்கம்தான் இன்னும் காலியா இருக்கு.