சத்துமாவு வீட்டுக்குப் போகிறது, பிள்ளைக்கு எடை ஏறவில்லை: கோளாறு எங்கே?

கம்பங்கொல்லை:
எங்கள் ஊராட்சி அங்கன்வாடியில் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடைப்பட்ட 11 பிள்ளைகள் எடைக்குறைவுப் பட்டியலில் இருக்கிறார்கள். சத்துமாவு பாக்கெட் மாதம் தவறாமல் போகிறது, பதிவேட்டிலும் குறையில்லை. ஆனாலும் நாலு பேருக்கு மூன்று மாதமாக எடை அசையவில்லை. மாவு தரமில்லை என்று ஊரில் பேச்சு. மாவைக் குறை சொல்வதற்கு முன்னால் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

தராசுமுள்:
முதலில் அளவையே சந்தேகப்படுங்கள். தொங்கு தராசில் பிள்ளையை உட்காரவைக்கும் துணிப்பையை மாட்டிவிட்டுத்தான் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மாதம் பையோடு, ஒரு மாதம் பையில்லாமல் பூஜ்யம் வைத்தால் 200, 300 கிராம் தானாகவே ஏறும், இறங்கும். வயதை மாதக்கணக்கில் எழுதுங்கள். 20 மாதப் பிள்ளையை "ரெண்டு வயசு" என்று போட்டால் காரணமே இல்லாமல் வளர்ச்சி அட்டையின் சிவப்புக் கட்டத்தில் விழும்.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது: வயதுக்கேற்ற எடை குறைந்த பிள்ளை எல்லாம் ஒல்லிப் பிள்ளை இல்லை. உயரமே குறைவாக இருந்தாலும் இந்த அளவு குறைத்துத்தான் காட்டும். உயரத்துக்கேற்ற எடையையும் பாருங்கள். 2 வயதுக்குள் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. நிற்கவைத்தால் 0.7 செ.மீ. குறைவாக வரும் என்று கணக்கு. நீளமும் எடையும் பொருந்தி, குள்ளமாக மட்டும் இருக்கிற பிள்ளை மூன்று மாதத்தில் பட்டியலைவிட்டு வெளியே வரும் என்று தேடுவது வீண், ஆனால் எடை அசையாமல் நிற்கவும் கூடாது.

கேழ்வரகுக்களி:
அளவு சரி என்றால் அடுப்பைப் பாருங்கள். 3 வயது வரைக்கும் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வைத்த விதி ஒரு நாளைக்கு 500 கிலோகலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். இது வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகத் தருவது. மாவு வந்ததும் காலைச் சோற்றை நிறுத்திவிட்டால் கூடுதல் அங்கேயே கழிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர்க் கஞ்சி. 6 கிலோ பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 180 மி.லி., அதாவது கிலோவுக்கு 30. ஒரு டம்ளர் கஞ்சியில் 20 கிராம் மாவு போட்டால் 75 கிலோகலோரிதான். 40 கிராம் போட்டு ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட்டால் 190ஐத் தாண்டும். வயிற்றில் இடம் அதேதான், சத்து இரண்டரை மடங்கு. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

கெட்டியாக இருந்தால் விழுங்கமாட்டேன் என்று துப்பும் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு அரைத் தேக்கரண்டி போதும். கஞ்சி கொதி அடங்கி, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள். கண்ணெதிரே இளகும். கொதிக்கும்போதே போட்டால் முளையில் உள்ள நொதி செத்துப்போகும், இளகாது. இளகிய பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள்.

கம்பங்கொல்லை:
நாலில் இரண்டு வீட்டில் மூத்த பிள்ளைகளும் உண்டு. பங்கு போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

கேழ்வரகுக்களி:
கேட்கவே வேண்டாம். மாதம் 20ஆம் தேதி வாக்கில் போய், "மாவு வண்டு வைக்காம இருக்கான்னு பாக்கணும், பாக்கெட்டக் காட்டுங்கக்கா" என்றால் போதும். அன்றைக்கே காலி என்றால் பங்கு போயிருக்கிறது. கண்டிக்காதீர்கள், வீட்டில் மூத்ததும் பசியோடுதானே இருக்கும். மூத்த பிள்ளை அங்கன்வாடி வயது என்றால் தினமும் மையத்துக்கு வரவழைத்துச் சூடான சாப்பாடும் முட்டையும் அங்கேயே கொடுங்கள். சின்னதின் பாக்கெட் தப்பிக்கும்.

கைப்பட்டை:
இதெல்லாம் ஒருபுறம் நடக்கட்டும். அந்த நாலு பேரின் இடது மேல்கைச் சுற்றளவை இன்றைக்கே அளந்துவிடுங்கள், அடுத்த எடை நாள் வரை காத்திருக்க வேண்டாம். தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், கை தொங்கிய நிலையில், அளவுப் பட்டை தோலை அழுத்தாமல் இருக்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. 11.5 முதல் 12.5க்குள் மிதமானது.

இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால் வீக்கம், எடை எவ்வளவு காட்டினாலும் கடும் வகைதான். வீக்கம் நீர் என்பதால் தராசு அதை எடை ஏற்றமாகவே காட்டும். வீக்கம் உள்ள பிள்ளை, கடும் வகையில் காய்ச்சலோ வாந்தியோ இருக்கும் பிள்ளை, கொடுத்ததைத் தின்னாத பிள்ளை: இவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. செவிலியர் வழியாக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நன்றாகத் தின்றும் ஏறாத பிள்ளைக்கு வீட்டில் நாள்பட்ட இருமல்காரர் உண்டா என்று விசாரியுங்கள், காசநோய் அப்படித்தான் ஒளிந்திருக்கும். அடிக்கடி பேதி என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டோடு துத்தநாக மாத்திரை 14 நாள், 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி. பேதி நின்றதும் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்துவதுதான் வழக்கமான தவறு.

சட்டப்பக்கம்:
ஒரு சேர்க்கை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 2, 2023இல் திருத்தப்படும் முன், ஊட்டச்சத்து குறைந்த பிள்ளைக்கு 800 கிலோகலோரி, 20 முதல் 25 கிராம் புரதம் என்றது. அந்த நாலு பேர் பதிவேட்டில் கடும் வகை, மிதமான வகை என்று குறிக்கப்படாமல் இருந்தால் கூடுதலைக் கேட்கவே வழியில்லை, எனவே கைச்சுற்றளவு எடுத்த அன்றே குறித்துவிடுங்கள். பொருள் வராத மாதத்துக்கு 8ஆம் பிரிவின்படி உணவுப் பாதுகாப்புப் படி கேட்கலாம்.

அப்புறமும் மாவின் மேல் சந்தேகம் தீரவில்லை என்றால், பிரிக்காத பாக்கெட் ஒன்றை எடுத்துவைத்து, தயாரிப்புத் தேதியும் தொகுதி எண்ணும் எழுதி வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். பிரித்த பாக்கெட்டைக் கொண்டுபோனால் "வீட்டில் ஈரம் பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.