மயில் மீனா, மார்லினா, வாள்மீனா? கையில் வந்தபோது கண்டவை

வழிவலை:
மேல் தாடை ஈட்டிபோல் நீண்ட அலகாக இருக்கும் இந்தப் பெரிய மீன்களைப் பிரித்தறிய இறங்குதளத்தில் நிறத்தை நம்பாதீர்கள். உயிரோடு மின்னும் நீலக் கோடுகள் செத்த கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். மயில் மீனில் குழப்பமில்லை. முதுகுச் செட்டையை (துடுப்பை) விரித்தால் உடம்பின் உயரத்தையே தாண்டும். மார்லின்தான் தலைவலி. மார்புச் செட்டையை மெதுவாக உடம்போடு மடக்கிப் பாருங்கள். வளர்ந்த மீனில் அது விறைத்து நின்றால் கறுப்பு மார்லின். மடங்கினால் முதுகுச் செட்டையின் முன்முனையைப் பாருங்கள்: உடம்பின் உயரத்துக்கு ஏறக்குறையச் சமமென்றால் வரி மார்லின், நன்றாகத் தாழ்ந்திருந்தால் நீல மார்லின். ஐஸில் உறைந்த நீல மார்லினின் செட்டையும் மடங்காது. அதைக் கறுப்பு என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இளகியபிறகு பாருங்கள்.

கரைவாடி:
வாள்மீனுக்கு அலகு தட்டை, மற்றவற்றுக்கு உருண்டை. வாள்மீனுக்கு வயிற்றுச் செட்டை கிடையாது. வால் அடியில் பக்கத்துக்கு ஒரே மேடு. மார்லினுக்கும் மயிலுக்கும் இரண்டிரண்டு. வளர்ந்த வாள்மீனில் செதிலும் இல்லை, பல்லும் இல்லை. அது தனிக் குடும்பம், மற்றவையெல்லாம் ஒரே குடும்பம்.

நீளம் எடுக்கும்போது மேல் அலகைச் சேர்க்காதீர்கள், அலகு முறிந்து வரும் மீன்களும் உண்டு. கீழ்த்தாடை முனையிலிருந்து வால் பிளவுவரை, டேப்பை உடம்பின்மேல் வளைக்காமல் நேராக. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் 2018 தீர்மானப்படி மார்லின், மயில் மீன்களில் இந்த அளவு 60 செ.மீ.க்குக் குறைந்தால் படகில் வைத்திருக்கக் கூடாது.

நெடுந்தூண்டில்:
விடுவதானால் படகுக்குள் தூக்காதீர்கள். தண்ணீரிலேயே வைத்து, கையுறை போட்டு, அலகின் முனை ஆட்களைப் பாராமல் பக்கவாட்டில் இருக்கும்படி பிடிக்க வேண்டும். ஒரு துள்ளலில் குத்திவிடும். முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டிலென்றால் பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் மாட்டியிருக்கும், கழற்றுவது சுலபம். விழுங்கியிருந்தால் இழுக்காமல் தூண்டில் நரம்பை (நைலான் இழையை) வாயருகே வெட்டிவிடுங்கள். பிறகு படகை மெதுவாக முன்னே ஓட்டிக்கொண்டே பிடித்திருங்கள். நீந்தும்போது வாய்வழி புகும் தண்ணீரால்தான் இவற்றின் செவுள் மூச்சு விடுகிறது, அசையாமல் நிறுத்தினால் மூச்சுத் திணறும்.

மயில் மீன் மணிக்கு 110 கி.மீ. என்று இன்னும் பகிர்கிறார்கள். அண்மைய ஆய்வுகளில் 40 கி.மீ.கூடத் தேறவில்லை. இரை பிடிப்பது வேகத்தால் மட்டுமல்ல. மத்திக் கூட்டத்துக்குள் அலகைச் சத்தமில்லாமல் நுழைத்து, பக்கவாட்டில் ஒரு வீச்சு. அடிபட்டுத் தடுமாறுவதைத்தான் பிடிக்கும்.

கரைவாடி:
விற்பவர்களுக்கு ஒன்று. ஐஸ் தாமதமானால் இந்தச் சதையில் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமைபோல் படுத்தும் பொருள் ஏறும். முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் அது அழியாது, நாற்றத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. பிடித்தவுடன் குடலையும் செவுளையும் எடுத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணியுங்கள். பெரிய மீனில் வெளியே மட்டும் ஐஸ் போட்டால் நடுச்சதை குளிர வெகுநேரமாகும்.