மக்னசைட்டா, டோலமைட்டா? சேலத்து வெள்ளைக்கல்லை இனங்காண உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். சேலத்து மக்னசைட் குன்றுகளின் பக்கமிருந்து என் மாணவர்கள் பொறுக்கி வந்த மூன்று வெள்ளைக் கற்களைப் பள்ளிக் கண்காட்சிக்காக இனங்கண்டு வருகிறோம். மூன்றும் ஒரே நிறம் என்பதால், நிறத்தை மட்டும் நம்பிப் பெயர்ச்சீட்டு ஒட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முதல் கல் கண்ணாடியைக் கீறியது, பேனாக்கத்தியால் அதைக் கீற முடியவில்லை. மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 7 உள்ள குவார்ட்ஸ் என்று முடிவு செய்தோம். இரண்டாவது, தட்டியபோது சாய்சதுரத் துண்டுகளாகப் பிளந்ததோடு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு பட்டதுமே நுரைத்துப் பொங்கியதால், கால்சைட்.

மூன்றாவது மக்னசைட்டா (மக்னீசியம் கார்பனேட்), டோலமைட்டா (கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்) என்பதில்தான் தடுமாற்றம். உடைந்த முகம் பீங்கான் ஓட்டைப் போல மழமழவென்று இருக்கிறது, கத்தியால் கீற முடிகிறது, நாக்கில் வைத்தால் லேசாக ஒட்டுகிறது. குளிர்ந்த அமிலத்தில் அசைவே இல்லை; பொடித்து, அமிலத்தைச் சற்றுச் சூடாக்கிய பிறகே நுண்குமிழிகள் எழுந்தன. டோலமைட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதால், காற்றிலும் நீரிலும் எடை பார்த்தோம்: காற்றில் 203 கிராம், நீரில் 133 கிராம், ஆக ஒப்படர்த்தி (நீரின் அடர்த்தியைப் போல எத்தனை மடங்கு என்பது) 2.9. டோலமைட்டுக்கு ஏறத்தாழ 2.85, மக்னசைட்டுக்கு 3.0 என்பதால் விடை நடுவில் நிற்கிறது. கல்லின் நுண்துளைகளில் சிக்கிய காற்று கணக்கைக் குறைத்திருக்குமா?

கரைசலில் கால்சியம் இருக்கிறதா என்று அறிய அம்மோனியம் ஆக்சலேட் சோதனை செய்ய எண்ணியுள்ளேன். சிறிதளவு கால்சைட் கலந்திருந்தாலும் வீழ்படிவு தோன்றுமே, அதை எப்படிப் பிரித்தறிவது? பள்ளி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய வழியை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.